பெரிசாக்குவதா, பெருக்குவதா

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பேர் முடியாதம்மா. கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாளராக வந்த முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்ட பேர். யார் எதைக் கேட்டாலும் முதலில் "முடியாது" என்பாள். பிறகு ஏன் முடியாது என்று விளக்குவாள். விளக்கி முடிக்கும்போது பெரும்பாலும் அந்த வேலையையும் முடித்திருப்பாள். ஆனாலும் அந்த முதல் வார்த்தையை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

அது பிறவிக் குணம். "வயித்துல இருக்கும்போதே ஏட்டிக்குப் போட்டிதான். நாள் தாண்டியும் வெளிய வரமாட்டேன்னு ஒரே அடம்" என்று அவள் அம்மா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் உன்னால் முடியாது என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டார். "முடியாதுங்கறது என் வார்த்தை டீச்சர், நீங்க எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, தண்டனைக்குக் காத்திராமல் தானே வகுப்புக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். படிப்பை முடித்த அன்றைக்கு அந்த டீச்சர் வீட்டைத் தேடிப் போய் மார்க்கைக் காட்டிவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தாள். இவ்வளவு வீம்பு ஒரு உடம்புக்கு ஆகாது என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அவளுக்கு அது நன்றாகவே ஆகிவந்தது.

கல்யாணமும் சண்டையில்தான் ஆரம்பித்தது. கை நீளத்தைத் தப்பாக வெட்டிய சட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு தையல் கடைக்குப் போய் அரை நாள் வாதாடினாள். கட்டிங் மாஸ்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். வேறு துணியில் வேறு சட்டை வெட்டிக் கொடுத்தான். பிறகு, "ஆயுசு பூரா சண்டை போட ஆள் வேணும்னா சொல்லுங்க, நான் சும்மாத்தான் இருக்கேன்" என்றான். அவன்தான் புருஷன். இன்றைக்கும் வீட்டில் அவள் குரல் ஏறினால் கையில் இருக்கிற கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "சரி, ஆரம்பி" என்பான்.

அவள் வேலை பார்த்தது பெரிய ஆஸ்பத்திரி. அங்கே டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் ஏழு மணிக்குப் போனிலேயே டோக்கன் போட வேண்டும். ஏழுக்கு முன்னால் அந்தப் பக்கம் ஈ காக்கை இருக்காது. ஏழு அடித்ததும் ஊரே ஒரே வாசலில் வந்து விழும். எட்டரைக்கெல்லாம் மறுபடி வெறிச்சோடிவிடும். வருகிற கூட்டமும் ஒரே அளவில் இருக்காது. காய்ச்சல் பரவுகிற மாதத்தில் இரண்டு மடங்காகும். டிவியில் யாராவது ஒரு டாக்டர் வாயைத் திறந்து, கால் மரத்துப்போனால் அலட்சியமாக இருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டால், அடுத்த நாள் காலை ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் கால் மரத்துப்போயிருக்கும்.

இத்தனையையும் ஒரே ஒரு பழைய மெஷின் தாங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் மிஞ்சிய நாளில் அது மூச்சு முட்டி நின்றுவிடும். போனில் டோக்கன் கிடைக்காதவர்கள் வண்டி பிடித்து நேரிலேயே வந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களில் பாதிப் பேர் வயசானவர்கள், மீதிப் பேர் கைக்குழந்தைக்காரர்கள்.

நிர்வாகிக்கு இதற்கு ஒரே வழிதான் தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் விரல் நீட்டிக் காட்ட ஒரு பொருளோ ஒரு ஆளோ கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்.

"இருக்கறதை எடுத்துட்டு, இதை மாதிரி பத்து மடங்கு பெரிசா ஒண்ணு வாங்கி வச்சிடலாம்" என்றார் கூட்டத்தில்.

"முடியாது" என்றாள் முடியாதம்மா.

"ஏன்?"

"அதுக்குக் காலையில ஒன்றரை மணி நேரந்தான் வேலை. மிச்ச நேரம் கரண்டைக் குடிச்சுக்கிட்டு சும்மா நிக்கும். யானையைக் கட்டித் தீனி போடற கதை சார். அதுவும் ஒரு நாள் படுத்துச்சுன்னா மொத்த ஆஸ்பத்திரியும் சேந்து படுத்துக்கும். யானைக்கும் அடி சறுக்கும்."

"வேற என்ன பண்ணணுங்கறீங்க?"

"சின்னச் சின்ன மெஷினா வாடகைக்கு எடுப்போம். அது எங்கயோ ஒரு கட்டடத்துல இருக்கும், நாம இங்கேருந்தே ஓட்டலாம். கூட்டம் வந்தா பத்து பதினஞ்சு எடுத்து நிறுத்துவோம். வடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடுவோம். ஒண்ணு விழுந்தாலும் பக்கத்துல இருக்கறது தாங்கிக்கும். மெஷினைப் பெரிசாக்க வேணாம் சார். பெருக்குவோம்."

சொன்ன வார்த்தை அவளுக்கே பிடித்துப்போனது. சின்ன வயசில் மனப்பாடம் செய்த வாய்ப்பாடு ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து எதிரே வந்தவர்களிடமெல்லாம், பெரிசாக்குறதா பெருக்குறதா என்று அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நிர்வாகி லேசில் விடுகிற ஆள் இல்லை. "டோக்கன் குடுக்கறதுக்கு பதினஞ்சு கை இருக்கலாம்மா. டோக்கன் புத்தகம் ஒண்ணுதானே? ஒரே நம்பரை ரெண்டு பேருக்குக் குடுத்துட்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எத்தனை மெஷின் நின்றாலும், எந்த நம்பர் யாருக்குப் போனது என்கிற கணக்கை ஒரே மெஷின்தான் வைத்துக்கொள்ள வேண்டும், அந்த ஒன்று கொஞ்சம் பலமானதாகவும் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பார்கள். கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டார்கள். பழைய மெஷின் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. வீட்டில் புருஷன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "தைக்க ஊசி பத்தலைன்னா உலக்கை வாங்கலாங்கற ஆளா இருக்காரே உங்க நிர்வாகி" என்றான். அவள் சிரிப்பதற்குள், "ஆனா ஒண்ணு. எங்க கடையில தைக்கிறவங்க எத்தனை பேர் வந்தாலும் வெட்டற கத்தரி ஒண்ணுதான். அதை நான் யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்" என்றும் சொல்லிவைத்தான்.

அவள் யாரிடமும் சொல்லாத விஷயம் இன்னொன்றும் இருந்தது. அந்த வாடகை மெஷின்களில், வருகிற கூட்டத்தைத் தானே எண்ணிப் பார்த்து, மெஷினைத் தானே கூட்டிக்கொண்டு தானே குறைத்துக்கொள்கிற வசதி உண்டு. அதைப் பற்றி ஒன்று விடாமல் படித்திருந்தாள். படித்துவிட்டு அதை அணைத்தும் வைத்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்து, கூட்டத்தைப் பார்த்து, தன் கையால்தான் சேர்ப்பேன் என்பது அவள் கட்சி. முகம் தெரியாத ஒன்றிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்க அவளால் ஆகாது.

கடைசியில் நிர்வாகி இறங்கிவந்தார். "அடுத்த திங்கட்கிழமை உங்க வழியிலேயே போகட்டும். தாங்கினா மேல பேசலாம். விழுந்தா யானை வரும், நீங்க ஸ்டோர் ரூமுக்குப் போவீங்க" என்றார். திங்கட்கிழமைதான் வாரத்திலேயே மோசமான நாள். அவள் சரி என்றாள். "முடியாது" என்று சொல்லாமல் அவள் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அதுதான் என்று பிறகு ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள்.

அந்த அறையில் அவளோடு வேலை பார்த்தது இன்னொருத்தி. அவளை எல்லாரும் மேஸ்திரி என்பார்கள். இருபது வருஷம் அதே ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பிரிவின் மேற்பார்வை. எந்த வார்டை யார் பெருக்க வேண்டும், எந்தத் தரையை எந்த மருந்தால் துடைக்க வேண்டும் என்று நூறு பேரை வேலை வாங்கியவள். சாயங்கால வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்து, உள்பரீட்சையில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை ஜெயித்து இந்த அறைக்கு வந்திருந்தாள். முடியாதம்மாவைவிடப் பத்து வயசு மூத்தவள். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வாள். செய்த பிறகு மறுபடி ஒரு தடவை சரிபார்ப்பாள்.

திங்கட்கிழமைக்காக இரண்டு பேரும் ஒரு வாரம் மத்தியான நேரங்களில் பழகினார்கள். மெஷின்களை எடுத்து நிறுத்துவது முடியாதம்மாவின் வேலை. வேலையில்லாமல் நிற்கிறவற்றைத் திருப்பி அனுப்புவது மேஸ்திரியின் வேலை. அதற்கு மேஸ்திரி தன் பழக்கத்தில் ஒரு பேர் வைத்திருந்தாள்.

"சும்மா நின்னதையெல்லாம் பெருக்கித் தள்ளிட்டேம்மா" என்பாள்.

முடியாதம்மாவுக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வரும். நல்லா இருக்குக்கா என்பாள். அவள் பெருக்குவது ஒன்று, அக்கா பெருக்குவது வேறொன்று என்று அந்தச் சிரிப்புக்கு நடுவில் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே ஒரு டஜன் மெஷின்களை எடுத்து வரிசையாக நிறுத்திவிட்டு முடியாதம்மா வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை விடிந்ததும் பேய் மழை. பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், முந்தின நாள் டிவியில் ஒரு இருதய டாக்டர், படியேறும்போது மூச்சு வாங்கினால் உடனே போய்ப் பாருங்கள் என்று சொன்னதாகவும், தனக்குப் பஸ் ஏறும்போதே வாங்குகிறது என்றும் சொன்னாள். முடியாதம்மாவுக்குத் திக்கென்றது. ஒரு டஜன் போதாது. வாடகைக்கு இன்னும் எத்தனை எடுக்க முடியுமோ அத்தனையையும் எடுத்தாக வேண்டும். எடுத்து நிறுத்துவது தன் வேலைதான், ஆனால் இப்போது அறையில் இருப்பது மேஸ்திரி. போனை எடுத்து அவளுக்கு அவசரமாக எழுதினாள்.

"அக்கா, இன்னைக்குக் கூட்டம் ரொம்ப வரும். ஏழு மணிக்குள்ள பெருக்கிடுங்க. ஒண்ணு விடாம."

எழுதிவிட்டுப் போனை நனையாமல் பைக்குள் ஆழமாகப் போட்டாள். பஸ்ஸை விட்டிறங்கி மழையில் நடக்க ஆரம்பித்தாள். மேஸ்திரி ஒரு தடவைக்கு இரண்டு தடவை திருப்பிக் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஏழரை தாண்டியிருந்தது. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ஈரக் குடைகளோடு ஜனம் நின்றுகொண்டிருந்தது. சக்கர நாற்காலியில் அப்பாவை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர், அவள் கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்துவிட்டு வழியை மறித்தார்.

"அரை மணி நேரமா போன்ல சுத்திக்கிட்டே இருக்கு. இந்த மழையில இவரைத் தூக்கிட்டு வந்திருக்கேன். நீங்கல்லாம் உள்ள என்னதான் பண்றீங்க?"

அவள் விலகி உள்ளே ஓடினாள். கம்ப்யூட்டர் அறையில் மேஸ்திரி வேர்த்து விறுவிறுத்து நின்றாள்.

"அக்கா, பெருக்கினீங்களா?"

"ஒண்ணு விடாம பெருக்கிட்டேம்மா. துடைச்ச மாதிரி இருக்கு. அப்படியும் ஏன் நின்னுபோச்சுன்னுதான் தெரியலை."

முடியாதம்மா திரையைப் பார்த்தாள். நேற்று அவள் நிறுத்திவிட்டுப் போன வரிசையைக் காணோம். ஒரே ஒரு மெஷின் மட்டும் இருந்தது. கடைசி மெஷினை யார் நினைத்தாலும் அனுப்ப முடியாது என்று ஒரு பூட்டு இருந்ததால் அது பிழைத்திருந்தது. ஊர் மொத்தமும் அதன் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

முதலில் கோபந்தான் வந்தது. "கூட்டம் வருதுன்னு எழுதியிருக்கேன், எதுக்குக்கா அனுப்பினீங்க?" என்று கத்திவிட்டாள்.

"கூட்டம் வர்றதுக்கு முன்னாடி பெருக்கித்தானேம்மா வைக்கணும்?" என்றாள் மேஸ்திரி. "எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கலை. ஒண்ணு விடாமன்னு வேற எழுதியிருந்தே."

முடியாதம்மா பையிலிருந்து போனை எடுத்துத் தான் எழுதியதைப் படித்தாள். பெருக்கிடுங்க. எழுதும்போது அவள் காதில் ஒலித்தது வாய்ப்பாடு. மேஸ்திரியின் காதில் இருபது வருஷமாக ஒலிப்பது துடைப்பம். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எதுவும் சரியாக வெளியே வராமல் இருமல்தான் வந்தது. அதற்குப் பிறகு மெஷின்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து நிறுத்தி, சிக்கியிருந்ததை விடுவிக்க மத்தியானம் ஆகிவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

மறுநாள் நிர்வாகி கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் கணக்கு அதிகாரியும் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரியை வெளியே வராந்தாவில் நிறுத்திவிட்டு முடியாதம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"இது உங்க தப்பு இல்லைன்னு எனக்குத் தெரியும்மா" என்று நிர்வாகி இதமாகவே ஆரம்பித்தார். ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தார். "கவனக்குறைவா மெஷினையெல்லாம் அனுப்பினது அந்தம்மாதான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அவங்க பழைய செக்‌ஷனுக்குப் போகட்டும். உங்களுக்கு இன்னொரு திங்கட்கிழமை தரேன். சின்ன மெஷின் அத்தனையும் அப்படியே இருக்கட்டும், நீங்களும் இருங்க."

"துடைப்பம் பிடிச்ச கையில மெஷினைக் குடுத்தா பெருக்கத்தானே செய்யும்" என்று கணக்கு அதிகாரி சிரித்தார்.

ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். ஒரே ஒரு வரி. எழுதிக் கொடுத்தால் அறை அவளுடையது, வழி அவளுடையது, இன்னொரு வாய்ப்பும் அவளுடையது. பேனாவைக் கையில் எடுத்தும் விட்டாள். கணக்கு அதிகாரி சிரிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அந்தச் சிரிப்பு அவளை உச்சந்தலையில் சுட்டது.

"முடியாது" என்றாள்.

"என்ன முடியாது?"

"நான் எழுதினது பெருக்கிடுங்கன்னு. அவங்க பெருக்கினாங்க. ஒண்ணு விடாமன்னேன், ஒண்ணு விடலை. இதுல கவனக்குறைவு எங்க இருக்கு சார்? சொன்னதை இவ்வளவு ஒழுங்கா செய்யறவங்க இந்த ஆஸ்பத்திரியில வேற யாரு? மெமோ குடுக்கணும்னா எனக்குக் குடுங்க. இல்லைன்னா தமிழுக்குக் குடுங்க. ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் வச்சது அதுதான்."

கணக்கு அதிகாரி பக்கம் திரும்பினாள். "துடைப்பம் பிடிச்ச கைன்னீங்க. அந்தக் கை ரெண்டு நாள் லீவு போட்டா, நீங்க இந்த ரூம்ல மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சிரிக்கணும்."

தாளில், தப்பான வார்த்தையை எழுதியது நான் என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினாள். நிர்வாகி அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"அப்ப நான் யானைக்கு ஆர்டர் போடறேன்" என்றார். "அது வர்ற வரைக்கும் இருக்கறதை வச்சு ஓட்டுங்க. வந்ததும் நீங்க ஸ்டோர் ரூம். அந்தம்மா விஷயம் வேற, அதை நான் பாத்துக்கறேன்."

வராந்தாவில் மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். ஆஸ்பத்திரிக் கதவுகளுக்கு ரகசியம் காக்கத் தெரியாது.

"எழுதிக் குடுத்திருக்கலாம்லம்மா. எனக்கென்ன அது தெரியாத வேலையா?" என்றாள்.

"தெரிஞ்ச வேலைதான்க்கா. நல்ல வேலையுந்தான். இவங்க அனுப்பற விதந்தான் எனக்கு ஆகலை."

மேஸ்திரி கூடவே நடந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்க அம்மாவுக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டா என் பொண்ணு முன்னெல்லாம் பேச்சை மாத்துவா. இப்பத்தான் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்றா. அதை நினைச்சாத்தான் ஒரு மாதிரி இருக்கு."

அந்த வாரம் முழுவதும் முடியாதம்மா தன்னோடேயே சண்டை போட்டாள். ஒரு பஸ் நின்றுபோனதற்கும் ஒரு வார்த்தை மாறிப்போனதற்கும் ஒரு ஆஸ்பத்திரியே படுத்துக்கொள்கிறது என்றால், கோளாறு பஸ்ஸிலும் இல்லை, வார்த்தையிலும் இல்லை. எல்லாம் தன் கையாலேயே நடக்க வேண்டும் என்று அவள் பிடித்த பிடியில்தான் இருக்கிறது. அது அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கிய பிறகும் ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆனது. கடைசியில், அணைத்து வைத்திருந்த அந்த வசதியைத் திறந்தாள். அதை மட்டும் நம்பவும் மனம் வரவில்லை. கூட்டத்தை எண்ணிப் பார்த்துவிட்டு மெஷினைக் கூட்ட அதற்குச் சில நிமிஷம் பிடிக்கும். ஏழு மணிக் கூட்டமோ நிமிஷத்தில் வந்து விழும். அதனால் ஏழுக்கு முன்னாலேயே கடிகாரம் பாதி மெஷின்களை எழுப்பிவிட வேண்டும், அதற்கு மேல் எத்தனை வேண்டும் என்று வருகிற கூட்டத்தைப் பார்த்து அந்த வசதியே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். நடுவில் யாரும் யாருக்கும் எதையும் எழுத வேண்டாம்.

மேஸ்திரியும் கூடவே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சோதித்தாள். "இத்தனை வருஷத்துல நான் பெருக்கினதுக்கு ஊரே அழுதது இதான்மா முதல் தடவை" என்றாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். மேஸ்திரி அதற்கு முன்னாலேயே வந்திருந்தாள். ஏழு அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நிர்வாகியும் வந்து கதவருகே நின்றுகொண்டார். காய்ச்சல் வேறு பரவ ஆரம்பித்திருந்தது.

ஏழு அடித்தது. கூட்டம் வந்து விழுந்தது. கடிகாரம் எழுப்பி வைத்திருந்த பாதி மெஷின்களும் ஒரு நிமிஷத்தில் நிறைந்தன. அடுத்தது வரவில்லை. திரையில் காத்திருப்பவர்களின் கோடு மேலே மேலே ஏறியது.

"நிக்கப்போகுது" என்றார் நிர்வாகி. "கையால சேருங்கம்மா."

அவளுக்கும் கை பரபரத்தது. நாலு தட்டு தட்டினால் போதும். ஆனால் இன்றைக்குத் தட்டினால் என்றைக்கும் தட்ட வேண்டும், பஸ் நின்றுபோகிற நாளில் மறுபடி யாரோ ஒருத்தி தலையில் விடியும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"மாட்டேன் சார்."

"விழுந்தா?"

"விழட்டும்."

மேஸ்திரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வரிசையில் புதிதாக ஒரு மெஷின் வந்து நின்றது. இன்னொன்று வந்தது. பிறகு இரண்டிரண்டாக வந்தன. கோடு ஏறுவதை நிறுத்தியது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று யோசித்துவிட்டு இறங்க ஆரம்பித்தது. எட்டரை வாக்கில், வேலையில்லாத மெஷின்கள் ஒவ்வொன்றாகத் தாமே கழன்றுகொண்டன. அன்றைக்கு டோக்கன் கிடைக்காமல் நேரில் வந்தவர்கள் யாரும் இல்லை.

நிர்வாகி ஸ்டோர் ரூம் பேச்சை எடுக்கவில்லை. "இருந்தாலும் யானைக்கு ஆர்டர் போட்டாச்சு" என்றார், விட்டுக்கொடுக்காமல்.

"வரட்டும் சார். டோக்கன் புத்தகத்தைச் சுமக்க ஒரு நல்ல தோள் வேணுந்தான். நீங்க அன்னைக்குக் கேட்டது சரி. வந்து வரிசையில அதுவும் ஒண்ணா நிக்கட்டும்."

அவள் வாயிலிருந்து "நீங்க கேட்டது சரி" என்று வந்ததைக் கேட்டு அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திரையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"யாரும் தொடாமலே நடக்குதே. யாரும் தொட வேணாம்னா இந்த ரூமுக்கு ரெண்டு பேர் எதுக்கு?" மேஸ்திரி பக்கம் திரும்பினார். "நீங்க நாளையிலேருந்து பழைய செக்‌ஷனுக்குப் போயிடுங்கம்மா."

முடியாதம்மா சடக்கென்று திரும்பினாள். யாரைக் காப்பாற்ற இதைச் செய்தாளோ, அவளைத் துரத்தத்தான் அதையே பிடித்துக்கொண்டார். தன் கையாலேயே குழி வெட்டிக் கொடுத்தாயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேஸ்திரியின் குரல் வந்தது.

"எழுத்துல குடுங்க சார்."

உட்கார்ந்த இடத்தை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.

"என்ன?"

"ஆர்டரை எழுத்துல குடுங்க. எதுக்காக மாத்தறீங்கன்னு காரணமும் அதுல எழுதுங்க. இருபது வருஷம் நூறு பேரை வார்டு வார்டா மாத்தினவ நான். காரணம் எழுதாம ஒருத்தரையும் மாத்தக் கூடாதுங்கறது இந்த ஆஸ்பத்திரியோட சட்டந்தான்."

நிர்வாகி யோசித்தார். போன திங்கட்கிழமைத் தப்பை முடியாதம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டுவிட்டாள். இந்தத் திங்கட்கிழமை தப்பே இல்லை. "வேலை தானா நடக்குது, ஆள் தேவையில்லைன்னு எழுதுவேன்" என்றார்.

"எழுதுங்க சார்" என்றாள் முடியாதம்மா. "ஆள் தேவையில்லைன்னு உங்க கையெழுத்தோட எழுதிக் குடுத்துடுங்க. அப்புறம் இது விழற அன்னைக்கு யாரைக் கூப்பிட்டுக் கேப்பீங்க?"

கேட்க ஆள் இல்லாத ஒரு அறையை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. யோசித்துச் சொல்றேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எழுத்தில் எதுவும் அன்றைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

கதவு சாத்திக்கொண்டதும் முடியாதம்மா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அசத்திட்டீங்கக்கா. அவர் முன்னாடி எழுந்திருக்காம அப்படியே உக்காந்திருந்தீங்களே, நானே பயந்துட்டேன்."

மேஸ்திரி மேஜை விளிம்பைப் பிடித்திருந்த கையை இன்னும் எடுக்கவில்லை.

"எழுந்தா கால் நடுங்கறது அவருக்குத் தெரிஞ்சுபோயிருக்கும்மா" என்றாள்.